நேத்து ஏன் வரல?

இசட் 56.0. ஐசிடி-10 நோய்க் குறியீட்டுப் பட்டியலில் வேலையின்மைக்கு என்று இருக்கிற எண் இது. மெடிக்கல் பில்லிங்கில் பல வருடம் குப்பை கொட்டியவள் என்பதால் அமெரிக்க நோயாளிகளின் இன்சூரன்ஸ் கிளெய்ம்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். மேலே சர்க்கரை, பி.பி., மனச்சோர்வு என்று பெரிய குறியீடுகள் நிற்கும். இது கடைசியில் துணைக் குறியீடாக நிற்கும். இதனால் வருகிற பணம் பெரும்பாலும் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. ஆகவே நாங்களும் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடுவோம். அந்த எண் எனக்கே பொருந்திய பிறகுதான், மேலே நிற்கிற மூன்றுக்கும் கீழே நிற்கிற இதற்கும் என்ன சம்பந்தம் என்று புரிந்தது.

வேலை போன கதையில் புதுசாக ஒன்றும் இல்லை. கிளையன்ட் பாதி வேலையை மென்பொருளிடம் கொடுத்துவிட்டார், எங்கள் ஃபுளோரில் பாதி நாற்காலி காலியானது. கணக்கை முடித்து, ரிலீவிங் லெட்டரைக் கையில் கொடுத்து மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். அதன் பிறகு வீட்டில் இருந்த மாதங்களில் உடம்பும் மனசும் விழுந்துவிடாமல் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்பதைத்தான் எழுதுகிறேன். யோகா செய், தியானம் செய், நல்லதையே நினை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என்னைத் தாங்கியது வேறு. ஒரு நாள் போகாவிட்டால் "நேத்து ஏன் வரல?" என்று கேட்க ஆள் இருக்கிற இடம் எனக்கு ஒன்று கிடைத்தது.

முதலில் தூக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், அது சரியாகாமல் மற்றது எதுவும் நடக்காது. நைட் ஷிப்டில் மாலை ஆறரைக்கு லாகின், விடியக்காலையில் கேபில் வீடு. வேலை போன பிறகும் உடம்பு ராத்திரி மூன்று மணி வரை அமெரிக்காவிலேயே இருந்தது. பத்து மணிக்கே படுத்து, தூக்கம் வரும் வரும் என்று புரள்வதில் பிரயோஜனம் இல்லை. தூங்கும் நேரம் நம் கையில் இல்லை, எழும் நேரம் இருக்கிறது. எத்தனை மணிக்குக் கண் அசந்தாலும் காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்து வெளிச்சத்துக்குப் போய்விட வேண்டும். காலை வெளிச்சம் கண்ணில் படப்பட, உடம்புக்குள் இருக்கிற கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து கொடுக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கும் விலக்கு கிடையாது. மத்தியானத் தூக்கம் அரை மணி, அதுவும் மூன்று மணிக்குள். அதற்குப் பிறகு டீ, காபி கிடையாது. மதுரை மே மாத மத்தியானத்தில் அரை மணியில் எழுந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மகள் டியூஷனுக்குக் கிளம்பும் நேரத்தை எனக்கு அலாரமாக வைத்துக்கொண்டேன். சில வாரங்களில் இரவு பதினொன்றுக்குத் தானாகவே கண் சொக்க ஆரம்பித்தது.

எழுந்து எங்கே போவது? இங்கேதான் என் மாமியாரின் பங்கு வருகிறது. வேலை போன மருமகளைப் பார்த்து அத்தை என்ன சொல்வாரோ என்று எனக்கு உள்ளுக்குள் உதறல். அவர் சொன்னது என் மாமனார் கதை. மாமனார் மில் தொழிலாளி. மில்லை இழுத்து மூடியபோது அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

"உங்க மாமா மில்லு மூடுன பெறகு ஒரு நா கூட வீட்ல உக்காரல. காலைல சட்டையப் போட்டுக்கிட்டுச் சங்கு ஊதுற நேரத்துக்குக் கெளம்பிருவாரு. சங்கே ஊதலயே, எங்க போறீகன்னு கேட்டா, டீக்கடைல பயலுக பாத்துக்கிட்டு இருப்பானுகம்பாரு. ஒரு நா காய்ச்சல்னு போகல. சாயங்காலம் நாலு பேரு வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாக, என்னாச்சுன்னு."

அந்தத் தெருவில் வேலை போனவர்களில் வீட்டோடு முடங்கியவர்கள் சீக்கிரம் ஒடிந்துபோனார்கள், டீக்கடைக்குப் போனவர்கள் தாக்குப்பிடித்தார்கள் என்பது அத்தையின் கணக்கு. இதெல்லாம் ஆராய்ச்சி ஆகாது என்று அப்போது நினைத்துக்கொண்டேன். பிறகு பார்த்தால், ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மாரியன்தால் என்று ஒரு மில் ஊர். 1930 வாக்கில் மில் மூடியதும் ஊரே வேலையில்லாமல் உட்கார்ந்தது. மரி யஹோடா என்ற பெண்ணும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் அங்கே போய் மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படிப் பொழுதைக் கழிக்கிறார்கள் என்று கவனித்து 1933இல் வெளியிட்டார்கள். நேரம் மலைபோல் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோனது, கட்டணத்தை எடுத்துவிட்ட பிறகும்கூட. ஜன்னலோரம் நின்று தெருவில் போகிறவர்களின் நடையைக்கூட அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக, வழியில் நின்று நின்று போனார்கள். பெண்கள் வேகமாகப் போனார்கள், காரணம் அவர்களுக்கு வீட்டில் அடுப்பும் துணியும் காத்திருந்தன. வேலை சம்பளத்தை மட்டும் தருவதில்லை என்று யஹோடா பிற்காலத்தில் எழுதினார். நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பலரோடு சேர்ந்த ஒரு நோக்கம், சமூகத்தில் ஓர் இடம், கட்டாயமான ஓர் இயக்கம் ஆகியவற்றையும் அது தருகிறது என்பது அவர் வாதம். இதில் ஒழுங்கை நானே போட்டுக்கொள்ளலாம், உடம்பை நானே அசைத்துக்கொள்ளலாம். வெளியே மனிதர்களை மட்டும் வீட்டுக்குள் இருந்தபடி உண்டாக்க முடியாது.

என் வீடு காமராஜர் சாலைப் பக்கம். அதனால் எனக்கு வாய்த்தது வண்டியூர் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் 1645இல் வெட்டிய குளம். பக்கத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் அடி, ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். பனையூர்க் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வந்து குளம் நிறைந்திருக்கிற மாதங்களில் காலைக் காற்று வேறு மாதிரி இருக்கும். வாரத்துக்கு நூற்றைம்பது நிமிடமாவது வேர்க்கிற அளவுக்கு நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் மூன்று சுற்று வேகமாக வந்தால் அது தாராளமாக நிறைந்துவிடும். செருப்பைத் தவிர செலவில்லை.

காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு தனியாக நடந்த நாட்கள் சுகமாக இருந்தன, ஆனால் நீடிக்கவில்லை. மழை தூறினால் போகமாட்டேன், மனசு சரியில்லை என்றாலும் போகமாட்டேன். மாரியம்மன் கோயில் பக்கம் தினமும் சேர்ந்து நடக்கிற ஒரு பெண்கள் செட் உண்டு. ரிட்டயர்டு டீச்சரம்மா ஒருவர், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் பூ எடுத்துவந்து கட்டி விற்கிற அக்கா ஒருவர், இன்னும் சிலர். பூக்கார அக்காவுக்குச் சர்க்கரை. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். மார்க்கெட் வேலையை முடித்து, விரலில் நார் சுற்றிய தடத்தோடு வந்து நிற்பார். ஒரு நாள் நான் போகவில்லை. மறுநாள் என்னைப் பார்த்ததும், "ஏத்தா, நேத்து ஆளக் காணோம்? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். எனக்கு என்ன வேலை, எங்கே வேலை என்று அவர் அதுவரை கேட்டதே இல்லை. அன்றிலிருந்து நான் போகாமல் இருப்பதற்குக் காரணம் தேட வேண்டியதாயிற்று. போவதற்குத் தேட வேண்டியிருக்கவில்லை.

உங்களுக்குத் தெப்பக்குளம் தூரமாக இருக்கலாம். ரேஸ்கோர்ஸ் மைதானம் இருக்கிறது, திருப்பரங்குன்றம் மலையைச் சுற்றி நடக்கிறவர்கள் இருக்கிறார்கள், தெருமுனை ஷட்டில் கோர்ட் இருக்கிறது. இடத்தைவிட, அங்கே உங்கள் முகம் தெரிந்த இரண்டு பேர் இருக்கிறார்களா என்று பாருங்கள். பணம் கட்டி ஜிம்மில் சேர்வதை இந்தச் சமயத்தில் நான் சிபாரிசு செய்யமாட்டேன். போகாத மாதத்துக் கட்டணம் வேறு ஒரு குத்தலாக மனசில் உட்காரும்.

அடுத்தது பகல் பொழுது. மாரியன்தால் பெண்கள் ஏன் வேகமாக நடந்தார்கள் என்பது எனக்கு இங்கேதான் உறைத்தது. வேலை போன ஆண் "சும்மா இருக்கிறான்". வேலை போன பெண்ணோ "வீட்டில்தானே இருக்கா". கேஸ் சிலிண்டர் வரும், இருந்து வாங்கிக்கொள். கொழுந்தனார் மகளுக்குக் காதுகுத்து, முறுக்கு சுட வா. எதிர்வீட்டுச் சாவி, கீழ்வீட்டுக் குழந்தை, எல்லாம் என்னிடம். யாரையும் குறை சொல்லவில்லை, எல்லாம் பிரியத்தில்தான். ஆனால் மதியம் ஆகும்போது ரெஸ்யூமேயில் ஒரு வரிகூடத் திருத்தியிருக்க மாட்டேன், இடுப்பு மட்டும் ஒடிந்துபோயிருக்கும். வீட்டில் சொல்லிப் பார்த்ததில் பலன் குறைவு. வீட்டை விட்டுக் கிளம்பியதில்தான் பலன். காலை சமையல் முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு புது நத்தம் சாலையில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்விடுவேன். 2023 ஜூலையில் திறந்தது, உள்ளே போகக் காசு கிடையாது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் பஸ் செலவும் இல்லை. சுற்றிலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். அவர்கள் தலை நிமிராமல் படிக்கும்போது நாம் மட்டும் ரீல்ஸ் பார்க்கக் கூச்சமாக இருக்கும். மாரியன்தால் சமாசாரமே அங்கே உட்கார்ந்து தேடிப் படித்ததுதான்.

வேலை தேடுவதை அங்கேயே, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடுவேன். அதற்குப் பிறகு வேலைவாய்ப்பு ஆப்களைத் திறப்பதில்லை. ராத்திரி பதினொன்றரைக்கு "உங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்படவில்லை" என்று பார்ப்பதால் அந்த நேரத்தில் ஆகப்போவது ஒன்றுமில்லை, தூக்கம் போவதுதான் மிச்சம். இன்னொன்று, வேலை தருகிறேன், முன்பணம் கட்டு என்று வருகிறவன் எவனாக இருந்தாலும் திருடன்தான். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள்.

சாப்பாடு விஷயத்தில் மதுரை ஒரு சோதனை. ஆபீசில் இருந்தபோது வேளாவேளைக்கு ஒரு பிரேக். வீட்டில் அந்த வரம்பு கிடையாது. மகள் வைத்த மிச்ச தோசை, பதினோரு மணி டீயோடு ரெண்டு முறுக்கு, நாலு மணிக்குத் தெருமுனையில் வடைச் சட்டி மணக்கும்போது ஒன்று. எதுவும் பசிக்காகச் சாப்பிட்டது இல்லை. நான் பட்டினி கிடக்கவில்லை, டயட் சார்ட்டும் போடவில்லை. தட்டில் போட்டு, உட்கார்ந்து, நேரத்துக்குச் சாப்பிடுவது, நின்றபடி வாயில் எதையும் போடாமல் இருப்பது, அவ்வளவுதான். செலவைக் குறைக்க வேண்டும் என்று முதலில் முட்டையையும் பயறையும் வெட்டாதீர்கள். ரேஷனில் துவரம்பருப்பு கிலோ முப்பது ரூபாய். சுண்டல் கடலை, பாசிப்பயறு, நெத்திலிக் கருவாடு எல்லாம் பேக்கரி பப்ஸைவிட மலிவு.

உடம்பு அசதி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எனக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்கியது, எதிலும் பிடிப்பில்லை, முடி கொட்டியது. வேலை போன கவலைதான் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் ஒன்பது சொச்சம். பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகத்தான் கொடுத்தார்கள். அங்கிருந்த நர்சம்மா, "மாத்திரை போட்ட கையோட டீயக் குடிச்சிராதீங்க, சத்து ஒடம்புல ஒட்டாது. எலுமிச்சம்பழச் சாறு குடிங்க, நல்லா ஒட்டும்" என்றார். ரத்தசோகை, தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு எல்லாமே மனச்சோர்வு போலவே வேஷம் கட்டும். ஆகவே சோர்வாக இருந்தால் முதலில் ரத்தத்தைப் பாருங்கள். முப்பது தாண்டியவர்கள் சர்க்கரையும் பி.பி.யும் பாருங்கள். அரசு நிலையங்களில் இதற்குப் பணம் வாங்குவதில்லை. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கையில் காசில்லை என்று நிறுத்த வேண்டாம், மாத்திரையும் அங்கேயே தருகிறார்கள்.

ரத்தம் எல்லாம் சரியாக இருந்து மனசு மட்டும் எழவில்லை என்றால்? எங்கள் டீமில் இருந்த ஒரு தம்பிக்கு அப்படித்தான். போன் எடுக்கமாட்டான். எடுத்தாலும் "நல்லாருக்கேன்கா" என்று வைத்துவிடுவான். கிரிக்கெட் பைத்தியம், ஐபிஎல் ஓடிக்கொண்டிருந்த சமயத்தில் ஸ்கோர்கூடத் தெரியவில்லை அவனுக்கு. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். எங்கள் தொழிலில் எஃப் 32 என்று தொடங்குகிற குறியீடுகள் மனச்சோர்வு நோய்க்கு. இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதி மனசு கனத்துக் கிடப்பது, பிடித்தது எதுவும் பிடிக்காமல் போவது, தூக்கமும் பசியும் மாறுவது என்று இருந்தால் அது கவலை என்ற கட்டத்தைத் தாண்டிவிட்டது, டாக்டர் பார்க்க வேண்டியது. அவனிடம் நான் 14416ஐக் கொடுத்தேன். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசுகிறார்கள், கட்டணம் இல்லை. இரண்டு நாள் கழித்துத்தான் அடித்தான். பிறகு பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவு ஓபி-க்குப் போகும்போது நானும் கூடப் போனேன். வரிசை நீளம், வெயில் வேறு. ஆனால் டாக்டர் அவனை அவசரப்படுத்தாமல் கேட்டார். மாத்திரையும் பேச்சுமாகச் சில மாதங்களில் தெளிந்தான். சாகணும் போல இருக்கிறது என்ற எண்ணம் ஒரு தடவை வந்தால்கூட வரிசை, வெயில், இரண்டு நாள் யோசனை எதுவும் வேண்டாம். உடனே போன், உடனே பக்கத்தில் ஆள்.

விசேஷ வீடுகளுக்குப் போகாமல் இருக்காதீர்கள். "இப்ப என்ன பண்ற?" என்ற கேள்விக்குப் பயந்துதான் பலர் போவதில்லை. நான் ஒரே பதிலைத் தயாராக வைத்திருந்தேன்: "ஒரு எடத்துல பேசிக்கிட்டு இருக்கேன் மதினி. உங்க பையன் எந்த காலேஜ்ல சேந்துருக்கான்?" தன் பையனைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைத்த எந்த மதினியும் என் வேலைக்குத் திரும்பி வந்ததில்லை.

பணக் கவலையை அறவே ஒழிக்க முடியாது, ஆனால் அதற்கு ஒரு கிழமை ஒதுக்கலாம். என் வீட்டுக்காரர் கீழமாசி வீதியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறார். ஞாயிறு இரவு நோட்டைப் பிரித்து, என்ன இருக்கிறது, எத்தனை மாதம் தாங்கும், அடுத்த வாரம் என்ன கட்ட வேண்டும் என்று இரண்டு பேரும் பேசுவோம். திங்கள் முதல் சனி வரை அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று ஒப்பந்தம். முழுசாக நடந்தது என்று சொல்லமாட்டேன். ஆனாலும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் பண்ணுகிற சண்டை குறைந்தது.

ஆபீசை விட்டுக் கிளம்பும் முன் கேட்க வேண்டிய ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கம்பெனி எடுத்துக் கொடுத்த குரூப் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிப் பாலிசியாக மாற்றிக்கொள்ள வழி உண்டு, சில நோய்களுக்குக் கிளெய்ம் கிடைக்கும் முன் கழிய வேண்டிய காத்திருப்புக் காலத்தில் ஏற்கெனவே கழித்ததும் கணக்கில் வரும். ஆனால் பாலிசி உயிரோடு இருக்கும்போதே கேட்க வேண்டும். சம்பளத்தில் ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீட்டுச் சந்தா) பிடிக்கப்பட்டவர்கள், வேலை போன அன்றே கார்டு செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கட்டிய சந்தாவுக்கான பலன் காலம் முடியும் வரை வைத்தியம் பார்க்கலாம். குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குள் வந்துவிட்டால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கும் விண்ணப்பிக்கலாம்.

இப்போது ஒரு ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்கில் பகல் வேலை பார்க்கிறேன். பழைய சம்பளத்தைவிடக் குறைவு. கூடுதல் சம்பளத்தில் நைட் ஷிப்ட் ஒன்று வந்தது, வேண்டாம் என்றுவிட்டேன். வீட்டுக்காரருக்கு அதில் இன்னும் முழுச் சம்மதமில்லை. எட்டு மணிக்கே பஞ்ச் பண்ண வேண்டியிருப்பதால் காலை நடையை ஐந்தே காலுக்கு மாற்றலாமா என்று செட்டில் கேட்டேன். டீச்சரம்மா சரி என்றார். பூக்கார அக்கா முடியவே முடியாது என்றுவிட்டார். மார்க்கெட்டிலிருந்து அவர் திரும்பி வரவே ஆறு மணி ஆகும்.